ட்ராம் முடியும் இடத்துக் கடை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஞாபகமும் இப்போது ஓட்டைச் சாக்குப் போலத்தான். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் நிற்பேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் மறக்கவில்லை.

திருகோணமலையில், கோட்டை வாசலுக்குக் கிட்ட, கடலைப் பார்த்த ஒரு ஒடுக்கமான ஒழுங்கையில்தான் கலியாணம் முடித்த நாளிலிருந்து இருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். வெள்ளைக்காரக் கடற்படை இருந்தவரைக்கும் வேலைக்குக் குறைவில்லை. அவர்கள் போன பிறகு துறைமுகம் கலியாணம் முடிந்த பந்தல் போலக் கிடந்தது. அவர் கொழும்புக்குப் போய் ஒரு பிறநாட்டுச் சரக்குக் கப்பலில் ஏறினார். மழைக்கு முதல் வருகிறேன் என்று போனவர், அந்த மழையும் பெய்து அடுத்த மழையும் பெய்து ஓய்ந்த பிறகுதான் வந்தார். கடிதம் எழுதிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் இல்லை.

எகிப்து தேசத்துக் கடற்கரையில் அலெக்சாந்திரியா என்று ஒரு பட்டினம். கப்பலின் எஞ்சின் உடைந்து, சாமான் வரும்வரைக்கும் அங்கே மாதக்கணக்காகக் கட்டிக் கிடந்ததாம். அந்த ஊர்ச் சனம் அதை இஸ்கந்தரியா என்று சொல்லுமாம். அவரும் அப்படியேதான் சொன்னார்.

நான் கண்டது வேறு. கப்பலுக்குப் போன ஆட்கள் கறுத்து, கன்னம் ஒட்டித்தான் திரும்பி வருவார்கள். இவர் கொழுத்து வந்தார். படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது சட்டையின் நடுப் பொத்தான் பூட்டாமல் நின்றது. முதலில் அதைத்தான் கண்டேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்குப் பின்னேரமே வேலிக்கு வந்துவிட்டார். வயதில் என்னைவிட நிறைய மூத்தவர். எங்கள் வீட்டில் கறி கருகினால் எனக்கு முன்னம் அவருக்கு மணக்கும்.

"பிள்ளை, உன்ர மனுசன் கடலால வந்த ஆள் மாதிரித் தெரியேல்லையே. குசினியால வந்த ஆள் மாதிரியெல்லோ கிடக்கு."

நான் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். சிரிப்பு குசினி வாசல் வரைக்கும்தான் வந்தது.

அடுத்த நாளிலிருந்து ஒழுங்கைச் சனம் கதை கேட்க வரத் தொடங்கியது. அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஆட்களுக்கு முன்னால் வந்து நிற்க எனக்கு எப்போதுமே கூச்சம். ஆனால் காது கூச்சப்படாது.

"கடலுக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்குது ஒரு கோட்டை. மூண்டு பக்கமும் தண்ணி. எங்கட கோட்டை மாதிரித்தான். உள்ளுக்க மேயிற மான் மட்டும் இல்லை."

"மான் இல்லாட்டில் அதென்ன கோட்டை," என்றார் அக்கா.

"அக்கா, கேளுங்கோவன். முந்தி அந்த இடத்தில உலகம் முழுக்கப் பேர்போன வெளிச்சவீடு ஒண்டு நிண்டதாம். நிலம் ஆடி விழுந்துபோச்சுதாம். அந்தக் கல்லை எடுத்துத்தான் கோட்டை கட்டினவங்களாம்."

"எங்கட கோட்டையும் கோணேசர் கோயிலை இடிச்ச கல்லில கட்டினதெண்டுதானே தம்பி சொல்லுறது."

"ஓம் ஓம். அதே மாதிரித்தான்."

அந்த "அதே மாதிரித்தான்" எனக்கு மீன்முள் போலக் குத்தியது. ஒரு மேட்டில் தனியாக நிற்கிற பெரிய கல்தூணைப் பற்றிச் சொன்னார். கோணேசர் கோயில் இருக்கிற எங்கள் சுவாமி மலையிலும் ஒரு தூண் தனியாகத்தான் நிற்கிறது. ராசாவின் மாளிகையைப் பற்றிச் சொன்னார். ராசா கப்பலேறி ஓடின பிறகு அந்த ஈச்சமரத் தோட்டத்துக்குள் சனத்தைப் போய்ப் பார்க்க விட்டார்களாம். "இஞ்ச வெள்ளைக்காரன் போயும் அந்தப் பெரிய துரை வீட்டு வாசல் எங்களுக்குத் திறக்கேல்லையே," என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். கடலோரமாக மாடி வைத்த ட்ராம் ஓடுகிறது என்றார்.

பிறகு நிலத்துக்குக் கீழே பிரேதங்கள் அடக்கிய இடம். கிணறு போல வட்டமாக இறங்குமாம், சுற்றிவரப் படி. ஒரு கழுதை உள்ளே விழுந்த பிறகுதான் அப்படி ஒரு இடம் இருப்பதே தெரிந்ததாம்.

"கழுதை கண்டுபிடிச்சதோ!" என்று அக்கா கைகொட்டினார். "தம்பி, அந்தக் கழுதை இப்ப எங்க, பள்ளிக்கூடத்தில படிப்பிக்குதோ?"

அவர் கோபிக்கவில்லை. "உள்ளுக்குள்ள குந்தியிருக்கக் கல்லு வாங்கு போட்டிருக்கு அக்கா. செத்தவைக்கெண்டு சொந்தக்காரர் வந்திருந்து சாப்பிடுறதாம். சாப்பிட்ட சட்டி பானையைச் சாவீட்டுச் சாமானெண்டு திருப்பிக் கொண்டுபோகமாட்டினமாம். அங்கயே போட்டு உடைச்சிட்டுப் போறது. மேல இருக்கிற மேடு முழுக்க உடைஞ்ச ஓடுதான்."

சனம் போன பிறகு அக்கா வேலிக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எடி பிள்ளை, யோசிச்சுப் பார். கோட்டை எங்கட கோட்டை. தூண் எங்கட தூண். சட்டி உடைக்கிறது எங்கட சுடலையில. ட்ராம் கொழும்பில ஓடினது. இதில எது இஸ்கந்தரியா?"

நான் வேலி ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ர தம்பி கொழும்பில கடையில நிக்கிறானெல்லோ. போன வருஷம் கொட்டாஞ்சேனைப் பக்கம் உவரை மாதிரி ஒராளைக் கண்டவனாம். முகம் வடிவாத் தெரியேல்லையாம். நடை உவற்ற நடைதானாம். கையில மரக்கறிப் பையாம். உனக்குச் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தனான்."

மரக்கறிப் பை என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. தனியாக இருக்கிற ஆம்பிளை மரக்கறி வாங்கிக்கொண்டு யாருடைய வீட்டுக்குப் போவான்?

அதற்குப் பிறகு நான் அவருடைய ஒவ்வொரு அசைவையும் பார்க்கத் தொடங்கினேன். வந்த பிறகு காலையில் அவருக்கு இடியப்பம் பிட்டு இறங்கவில்லை. கௌபிப் பயறை அவிக்கச் சொல்வார். அதை மசித்து, தேசிக்காய் பிழிந்து, சீரகத்தூள் போட்டு, எண்ணெய் விட்டுச் சாப்பிடுவார். பக்கத்தில் ஒரு பெரிய பம்பாய் வெங்காயம். அதை வெட்டவும் விடமாட்டார். மேசையில் வைத்து, கையைப் பொத்தி ஓங்கி ஒரே குத்து. வெங்காயம் பிளந்து விரியும். நடுக்குருத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இதழ் இதழாகக் கழற்றிக் கௌபியை அள்ளித் தின்பார். முதல்நாள் அந்தச் சத்தத்துக்கு நான் பயந்து கையிலிருந்த அகப்பையை விட்டுவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, இதென்ன பழக்கம்? கத்தி இருக்குத்தானே?"

"கத்தி பட்டா உறைக்குமப்பா. இப்பிடிச் சாப்பிட்டுப் பாரும்."

"ஆர் காட்டித் தந்தது?"

"ட்ராம் முடியிற இடத்தில ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. நான் அங்கதான் சாப்பிடுறனான்."

"ஆற்ற கடை?"

"ஒரு கிழவன்ர."

சரி, கிழவன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கொஞ்ச நாள் கழித்து முற்றத்தில் யாருக்கோ சொல்கிறார்: "கால் ஏலாத ஒருத்தன் அந்தக் கடையை நடத்தினவன்." இன்னொரு முறை அண்ணன் தம்பி இரண்டு பேரின் கடை என்றார். நான் உலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே மற்றவற்றையும் கேட்டுப் பார்த்தேன். அந்தத் தூண் என்ன நிறம்? சிவப்பு. பொங்கல் கழிய ஒருநாள் திரும்பக் கேட்டேன். சிவப்பு. வருஷம் போய்க் கேட்டாலும் சிவப்புத்தான். தூணின் நிறம் மாறவில்லை. கடைக்காரர்தான் மாறிக்கொண்டே இருந்தார்.

இப்படியே காலம் ஓடியது. பிள்ளைகளும் பிறந்தார்கள். அவர் திரும்பவும் கப்பலேறவில்லை, துறைமுகத்திலேயே கிடைத்த வேலையைச் செய்தார். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒழுங்கையில் பொம்பிளைகள் எனக்கு வாய்த்ததைப் பெரிதாகச் சொல்வார்கள். நானும் ஓம் என்று தலையாட்டுவேன். ஆனால் காலையில் அந்தக் குத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம், எந்த ஊர்க் குசினியில் எவளுக்கு முன்னால் இருந்து பழகின கை என்று மனம் கேட்கும். கொட்டாஞ்சேனையோ, கடலுக்கு அப்பாலோ? கொட்டாஞ்சேனை என்றால் அவர் சொன்னது முழுக்கப் பொய். ஒரு முழுப் பொய்யோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேன் என்று ஆகிவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் எகிப்துக் கப்பல் ஒன்று தேயிலை ஏற்ற எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. அவர் வேலையிலிருந்து ஓடிவந்தார். சின்னப்பிள்ளை போல இருந்தது முகம்.

"இஸ்கந்தரியாக்காரன் ஒருத்தன் வந்திருக்கிறான். கப்பலில சமைக்கிற ஆள். ஊர் பார்க்க வேணுமாம். கோட்டை, கோயில், கன்னியாச் சுடுதண்ணிக் கிணறு எல்லாம் காட்டுறனெண்டு சொல்லிப்போட்டன். மத்தியானச் சாப்பாடு கட்டித் தாரும்."

அக்கா என்னை வேலியோடு பிடித்துக்கொண்டார். "விடாத. நீயும் போ. அந்த மனுசனோட உவர் உண்மையா அந்தப் பாஷை கதைக்கிறாரோ எண்டு பார்."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதே அக்கா."

"உனக்குத் தெரியாட்டில் என்ன, உங்களைக் கூட்டிப்போற கார்க்காரக் காக்கா முஸ்லிம் ஆள்தானே? அவருக்குத் தெரியும்."

நான் ஒரு நாளும் அப்படி வெளிக்கிட்டவள் இல்லை. ஆனாலும் வெளிக்கிட்டேன். சாப்பாட்டுக்கு ஆள் வேண்டும் என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். சோறும் மீன்குழம்பும் கட்டினேன். மீனும் மரக்கறியும் என்றால் அந்த ஆளுக்குப் பிரச்சினை இல்லை என்று காக்கா சொல்லியிருந்தார். ஒரு சட்டி கௌபியும் அவித்து எடுத்தேன். பம்பாய் வெங்காயத்தை முழுதாகப் போட்டேன். கத்தியை எடுத்தேன், பிறகு குசினியிலேயே வைத்துவிட்டேன். அது மறதி இல்லை.

அந்தச் சமையல்காரர் நரைத்த ஆள், பெரிய கைகள். என்னைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். நான் முன்சீற்றில் காக்காவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பின்னுக்கு. கார் கோட்டைக்குள் நுழைந்ததும் மான்கள் வழியில் நின்றன. சமையல்காரர் எட்டிப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

"தங்கட ஊர்க் கோட்டை மாதிரியாம். மான்தான் அங்க இல்லையாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

இது அவர் எப்போதும் சொல்கிற கதைதானே. அந்த மனிதர் சொன்னாரா, இவர் கட்டிச் சொல்கிறாரா? நான் காக்காவிடம் மெல்லமாகக் கேட்டேன்.

"காக்கா, அவர் என்ன சொன்னவர்?"

"தங்கச்சி, எனக்கு ஓதத் தெரியும். கதைக்கத் தெரியாது."

"விளங்கவும் மாட்டாதோ?"

"அல்லாஹ் எண்டு சொன்னா விளங்கும். மறுகா மான் கதையெல்லாம் எங்க விளங்க?"

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மலைக்கு ஏறினோம். கீழே அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. சமையல்காரர் அந்தத் தனித்தூணைக் கண்டதும் என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார். முதுகில் தட்டுவதற்கு எந்தப் பாஷையும் தேவையில்லை. அதை வைத்து எப்படி நம்புவது?

கன்னியாவுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் ஒவ்வொரு சூடு. சமையல்காரர் ஒவ்வொன்றிலும் கைவிட்டு, பிள்ளை போலக் கையை உதறினார். ஒரு பக்கத்தில் ஒரு குடும்பம் செத்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு முடித்துக்கொண்டிருந்தது. போகும்போது கொண்டுவந்த மண்சட்டியை அங்கேயே போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். சமையல்காரர் உடைந்த ஓடுகளைப் பார்த்தார், நிலத்துக்குக் கீழே விரலைக் காட்டினார், ஏதோ சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "கண்டீரோ?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொதிகளை அவிழ்த்தேன்.

மரத்துக்குக் கீழே தட்டையான கல் ஒன்று கிடந்தது. கௌபிச் சட்டியையும் வெங்காயத்தையும் அதில் வைத்தேன். சமையல்காரர் கௌபியைக் கண்டதும் கண்ணை அகல விரித்தார். வெங்காயத்தை எடுத்தார். கத்தி தேடுவார் என்று நான் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேடவில்லை. வெங்காயத்தைக் கல்லில் வைத்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரரும் ஒன்றை வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஒரே நேரம் உயர்ந்து ஒரே நேரம் விழுந்தன. அதே குத்து. அதே மாதிரிக் குருத்தைப் பிடுங்கி அதே மாதிரித் தோளுக்கு மேலால் எறிந்தார்கள்.

எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். எந்தக் கிணறு என்றும் பார்க்கவில்லை, சுட்டது. அவர் போயிருக்கிறார். கோட்டை இருக்கிறது, தூண் இருக்கிறது, கழுதை விழுந்த பள்ளமும் இருக்கும். கொட்டாஞ்சேனை இல்லை. மரக்கறிப் பை வேறு யாருடையதோ. இத்தனை வருஷமும் அவர் சொன்னது உண்மை.

அந்த நிம்மதி முகத்துத் தண்ணீர் காயும்வரைக்கும் இருந்தது.

திரும்பி வந்தபோது சமையல்காரர் சட்டியைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்டார். எங்கே பழகினாய் என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி ஒரு சொல் சொன்னார். ஒரே ஒரு சொல். அந்த மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், நான் நிற்பதைக் கண்டார். உடனே சிரிப்பை விழுங்கினார். நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார்.

"என்ன கேட்டவர்?" என்றேன்.

"சாப்பாடு நல்லாயிருக்காம்," என்றார் என் வீட்டுக்காரர், சட்டியைப் பார்த்தபடி.

திரும்பி வரும்போது சந்தியில் அவர்கள் இரண்டு பேரும் வெற்றிலை வாங்க இறங்கினார்கள். நான் காக்காவிடம் கேட்டேன்.

"காக்கா, அந்தச் சிரிப்பு உங்களுக்கு விளங்கினதோ?"

காக்கா ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"பாஷைதான் தங்கச்சி விளங்காது. சிரிப்பு எல்லா ஊரிலயும் ஒண்டுதான். உடுங்க."

அன்றைக்கு அவரைப் பற்றியும் அந்தக் கடையை நடத்தினவரைப் பற்றியும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அந்த ஊருக்குப் போனதும் தெரிந்தது. அந்தக் கடைக்காரன் கிழவனும் இல்லை, கால் ஏலாதவனும் இல்லை, ஆம்பிளையே இல்லை என்பதும் தெரிந்தது. ஆனால் தெரிந்ததற்கும் கேட்டு அறிந்ததற்கும் வித்தியாசம் உண்டு. அதனால் சத்தியம் கேட்பது என்று தீர்மானித்தேன். கோணேசருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, கேட்கிறதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். மற்றவர் பதில் சொல்லிவிட்டு உள்ளங்கையால் நெருப்பை அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைக்க எங்கள் சனத்தில் யாருக்கும் துணிவு வராது.

வெள்ளிக்கிழமை மலைக்குக் கூட்டிப் போனேன். ஏறுகிற வழி முழுக்க அந்தக் கேள்வியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கடையை நடத்தினது ஆர்? அவ்வளவுதான் கேள்வி. கற்பூரத்தை ஏற்றினேன். நிமிர்ந்து பார்த்தால், அக்கா கோயில் தூணோடு சாய்ந்து நிற்கிறார், காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஒழுங்கைச் சனம் பாதி. கோயில் முழுக்க ஆட்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"நீர் கேளும்," என்றார் அவர். முகம் வெளிறியிருந்தது.

"இஸ்கந்தரியாவுக்குப் போனது உண்மையோ?" என்று கேட்டேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வி.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "போனனான்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இவ்வளவுதானோ?" என்றார்.

"ஓம், இவ்வளவுதான்," என்றேன்.

அக்காவுக்கு அன்றோடு சந்தேகம் போய்விட்டது. "நான் அப்பவே சொன்னனான், உன்ர மனுசன் பொய் சொல்லாத ஆளெண்டு," என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கோ அந்த "இவ்வளவுதானோ" என்ற சொல்லோடு புதிதாகத் தொடங்கியது. வேறென்ன கேட்பேன் என்று பயந்து நின்றார்? திரும்பவும் ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிப் போக எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டிருந்தால் அவர் அணைக்காமல் கையை எடுத்திருப்பார் என்றும் பயம், அணைத்திருப்பார் என்றும் பயம்.

ஊர் சண்டையில் பெரிதாகக் குழம்புவதற்கு முன்னமே அவர் கண்ணை மூடிவிட்டார். கடைசி நாட்களில் ஒன்றும் இறங்கவில்லை. ஒருநாள் காலையில் கௌபி கேட்டார். மசித்துக் கொண்டுபோனேன். வெங்காயத்தைக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார், கையில் பலமில்லை. நான் எடுத்து வைத்து, கையைப் பொத்தி ஓங்கிக் குத்தினேன். என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். சரியாகத்தான் பிளந்தது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"வெங்காயம்," என்றார்.

"ஓம், வெங்காயம்தான்," என்றேன்.

என் ஞாபகத்தில் இருக்கிறதை எழுதிவிட்டேன். கோட்டையைப் பற்றியும் தூணைப் பற்றியும் நான் எழுதியதில் பிழை இருக்கலாம். யாராவது படித்தவர்கள் பார்த்துத் திருத்திவிட வேண்டும். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரும் இருந்தால், தூண் சிவப்புத்தானா, கழுதை விழுந்த பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, நேரம் இருந்தால், ட்ராம் முடிகிற இடத்தில் வயதான ஆட்கள் யாரிடமாவது கேளுங்கள். முன்னொரு காலத்தில் அங்கே ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை இருந்ததாம். அதை நடத்தினது யார் என்று மட்டும் கேட்டு வையுங்கள். எனக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதைக் கேட்ட பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.